தவிலோடு வரும் பிரிவு

செங்கோட்டைக்குச் செல்லும் பொதிகை வண்டி விருதுநகரைத் தாண்டி மேற்கே திரும்பியதும், கரிசல் காட்டின் கருமைக்கு அப்பால் மலைத்தொடர் ஒரு நீலக் கோடாகத் தொடங்கி, வெளிச்சம் ஏற ஏறப் பாறையும் பச்சையுமாகத் தெளிவு பெறும் அந்தச் சொற்ப நேரத்துக்காகவே இந்த வண்டியில் பிரயாணம் செய்யலாம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். இந்தத் தண்டவாளம் போய் முடிகிற செங்கோட்டையில் பிறந்தவர்தாம் நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா என்பதும், அவருடைய குரலுக்கு ஈடு கொடுத்துப் பாடிய கே. பி. சுந்தராம்பாள் அவரை மணந்து, பிணங்கிப் பிரிந்து, கடிதங்களில் இரந்தும் இடித்துரைத்தும் பார்த்து, 1933-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் இருபத்தேழாவது வயதில் காலமானபோது தமக்கு இருபத்தைந்தே வயது என்பதையும் பாராமல் வெண்புடவை தரித்தார் என்பதும், இந்த வண்டியில் ஏறினாலே என் நினைவுக்கு வந்துவிடும். அந்த அம்மையாரின் துயரத்தை நாடே அறிந்திருந்தது. ஊரறிய நேர்ந்த பிரிவு அது. அதைப் பற்றிச் சிந்திக்கும்படி இம்முறை வேறொரு காரணமும் நேர்ந்தது.

என் எதிரே அமர்ந்திருந்தவன் என் அண்ணன் மகன். ஆலங்குளத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது வட மெக்சிகோவில் மான்டெர்ரே நகரில் பொறியாளனாக உத்தியோகம் பார்ப்பவன். பங்குனிப் பொங்கலுக்கு விடுப்பெடுத்து வந்தவனோடு நானும் புறப்பட்டிருந்தேன். (ஆலங்குளம் என்றவுடன் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைப்போர் பலர். இது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, 1970-இல் அரசாங்கத்தின் சிமென்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய ஆலங்குளம். அண்ணன் தம் உத்தியோக காலம் முழுவதையும் அந்த ஆலையிலேயே கழித்தார். மெக்சிகோவின் பெரிய சிமென்ட் நிறுவனமாகிய செமெக்ஸின் தலைமையகம் மான்டெர்ரேயில்தான் இருக்கிறது என்று பையன் சொன்னபோது, விதிக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் ருசி உண்டு போலும் என்று எண்ணிக்கொண்டேன்.)

"சித்தப்பா, இதக் கொஞ்சம் கேளுங்க. அங்க எங்க ஆபீஸ் டிரைவர் தெனமும் போடுற பாட்டு. காதலிச்சவ இன்னொருத்தனோட போயிட்டா, இவன் அவ வீட்டு வாசல்ல நின்னு பாடுறான்" என்று சொல்லித் தன் செவிக்கருவியில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான்.

கேட்டேன். அக்கார்டியன் ஒன்று கொடியேற்ற நாளின் குதூகலத்தோடு ஏறி இறங்கி ஓடிற்று. அதன் கீழே ஒரு தந்தி வாத்தியம் முதலடியைத் தடித்தும் அடுத்த இரண்டடிகளை மெலித்தும் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, அழுகைக்கும் அதட்டலுக்கும் இடைப்பட்ட ஓர் ஆண்குரல், சரணத்தின் முடிவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, அது உடைந்துவிடுமோ என்று நாம் அஞ்சும் கணத்தில் உடைத்தும் காட்டியது. உடனே பின்னாலிருந்து யாரோ ஒருவர் நீண்ட கூவலாகக் குரலெழுப்பினார். அந்தக் கூவலை அவர்கள் 'கிரீத்தோ' என்கிறார்களாம். வலியில் பிறந்த கூச்சலா, ஆரவாரமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒலி.

அந்த அக்கார்டியன் மெக்சிகோவின் சொந்தச் சரக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாஸிலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் தங்கள் போல்கா, வால்ட்ஸ் நடனங்களோடு கொண்டுவந்த அதனை, வட மெக்சிகோவின் மாடு மேய்ப்போரும் பண்ணையாட்களும் கைப்பற்றி, ஆறு ஜோடித் தந்திகள் கட்டிய பாஹோ செக்ஸ்தோ என்னும் பெரிய கிதாரோடு சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். மேற்குக் கரையிலுள்ள சினலோவாவில் இதே துயரத்தைக் கிளாரினெட், டிரம்பெட், டிரம்போன், டூபா, பெருமுரசு ஆகியவற்றோடு ஒரு முழுப் பேண்டு செட்டே வாசிக்கிறது. நடு நாட்டில் மரியாச்சிக் குழுவினர் வயலின்களாலும் டிரம்பெட்டுகளாலும் வாசிக்கிறார்கள். இந்த மரபின் மகாகவியென அந்நாட்டார் போற்றும் ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸ் 1926-இல் பிறந்தவர். ஒரு சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுபவராகவும், கால்பந்துக் குழு ஒன்றில் கோல் காப்பவராகவும் இருந்தவர். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர். ஸ்வரம் எழுதவும் அறியாதவர். சீழ்க்கையடித்தும் முணுமுணுத்தும் அவர் சொல்ல, பிறர் எழுதிக்கொண்டார்கள். தோற்றவன், குடித்தவன், இருந்தும் தலை குனியாதவன் என்ற பாத்திரத்தை நூற்றுக்கணக்கான பாட்டுகளில் அவர் நிலைநிறுத்திவிட்டு 1973-இல் மறைந்தார்; பின்னாளில் அவருடைய கல்லறையை ஒரு பெரிய தொப்பியின் வடிவத்திலேயே கட்டினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். பால்கோவாக் கடைகளின் வரிசையைப் பையன் ஏக்கத்தோடு பார்த்ததைப் பொருட்படுத்தாமல் அவனை நேரே கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். பதினொரு நிலைக் கோபுரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நான் எழுதப் போவதில்லை. ஆண்டாளின் சந்நிதியில் நின்றபோது என் மனத்தில் ஓடியது வேறு. நாச்சியார் திருமொழியின் நூற்று நாற்பத்துமூன்று பாசுரங்களில் நம் வீட்டுக் கல்யாணங்களில் ஓதப்படுவது, யானைகள் சூழ மணமகன் வரும் கனவைச் சொல்லும் ஆறாம் திருமொழி ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பகுதி என்ன? வராதவனை அழைக்கும்படி குயிலிடம் மன்றாடல். மேகத்தைத் தூது விடுத்தல். மணலில் கூடல் இழைத்துச் சகுனம் பார்த்தல். அவன் வாயின் சுவையைச் சங்கிடம் விசாரித்தல். கடைசியில், பயனற்ற தன் கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிந்து தன் தீயை ஆற்றிக்கொள்வேன் என்கிற உக்கிரம். பக்தி என்று மூடி வைத்து நாம் வாசிக்கப் பழகிவிட்டபடியால் அதிலுள்ள கோபத்தின் உஷ்ணம் நம் விரலில் படுவதில்லை. பையனுக்கு இதைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்து, "இவங்க மெக்சிகோவில பொறந்திருந்தா டிரம்பெட் வெச்சிருப்பாங்க சித்தப்பா" என்றான். அபசாரம்தான்; ஆயினும் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

ராஜபாளையம் பஸ் நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் வண்டி, பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் ஓசை வீதிவரை கேட்கும் சத்திரப்பட்டியைக் கடந்ததும், மலைக்காற்று நின்றுபோய், பருத்தி எடுத்து முடிந்த வெற்றுக் காடும் வேலிக்கருவேலும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்தன. தென்பாண்டிச் சீமையின் பஸ்களுக்கென்று ஒரு சங்கீத சம்பிரதாயம் உண்டு. எண்பதுகளின் சினிமாச் சோகப் பாட்டுகளை, அதிலும் காதலில் தோற்றவன் பாடுபவற்றை, ஓட்டுநர் தேர்ந்தெடுத்து உச்ச ஸ்தாயியில் வைத்துவிடுவார். கோழிக்கூடையோடு ஏறிய கிழவியும், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்களும், கைக்குழந்தைக்காரியும் அந்தச் சோகத்தை முழுதும் ஏற்றுக்கொண்டு, அதே சமயத்தில் தக்காளி விலையையும் பேசிக்கொண்டு வருவார்கள். எவரும் முகம் வாடுவதில்லை. நடத்துநர் சில்லறையை விரலிடுக்கில் வைத்தபடி பல்லவிக்குத் தலையாட்டுகிறார்.

அன்றிரவு அம்மன் கோயில் பொங்கலுக்குச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நையாண்டி மேளம் வந்திருந்தது. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, உறுமி, தாளம். கச்சேரி மேடையில் நாகசுரத்தைக் கேட்டுப் பழகியவர்கள் இங்கே முதலில் முகம் சுளிப்பார்கள். ஏனெனில் இங்கே வாசிப்பவர் அமர்வதில்லை. கரகம் ஆடும் பெண்ணின் காலடியைப் பார்த்துக்கொண்டே வளைந்தும் நிமிர்ந்தும் வட்டமிட்டும் வாசிக்கிறார். மூத்த நாகசுரக்காரரின் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகள் நூலில் தொங்கி அவரோடு சேர்ந்து ஆடின. ஒரு பாட்டு முடிந்ததும் வாயிலிருந்த சீவாளியைக் கழற்றி, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, நாவால் ஈரப்படுத்தி, இரு விரலால் மெல்ல அழுத்தித் திருப்திப்பட்ட பிறகே அடுத்ததற்குப் போனார். உறுமிக்காரர் ஒரு கையால் வளைந்த குச்சியைத் தோலின்மீது அழுத்தித் தேய்த்து, அடிவயிற்றிலிருந்து எழுவது போன்ற முனகலை எழுப்ப, மறு கைக் குச்சி அதனைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வந்தது.

நள்ளிரவு நெருங்கும் வேளையில் ஒரு பழைய சினிமாச் சோகப் பாட்டை எடுத்தார்கள். கைவிடப்பட்டவனின் புலம்பல் அது. திரையில் மிக மந்தமாக, நிழலும் மழையுமாக வந்த பாட்டு. நாகசுரக்காரர் அதன் முதலடியை மட்டும் தாளமின்றி, நெஞ்சு கரையும்படி இழுத்து வாசித்தார், கூட்டம் அடங்கியது. அடுத்த கணம் தவில்கள் இரண்டும் இரட்டிப்புக் காலத்தில் இறங்கின. அந்தப் புலம்பலே, ஒரு ஸ்வரமும் மாறாமல், ஆட்டமாக மாறிற்று. இளைஞர்கள் சீழ்க்கையடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். அவர்களில் ஒருவன் கண்களை மூடிக்கொண்டு, இரு கைகளையும் தூக்கி, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத முகத்தோடு ஆடினான். அவன் கதை ஊருக்கே தெரியும் என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் சொன்னார். முளைப்பாரி சுமந்து வந்த பெண்கள் குலவையிட்டார்கள். என் அருகே நின்ற பையன் அவனையறியாமல் அந்த மெக்சிகோக் கூவலை எழுப்பினான். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அங்கே அவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது.

புலம்பலை ஆட்டமாக்குவது சினிமா வந்த பின் ஏற்பட்ட கோளாறு என்று சொல்வோருக்கு ஒரு வார்த்தை. இதே கரிசல் சீமையில், சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளத்தில் பிறந்து, முப்பது வயதை எட்டுமுன் மறைந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்ற வழிநடைக்காகப் பாடிய காவடிச் சிந்தைப் பாருங்கள். ஊரும் மலையும் கோயிலும் வருணித்து முடிந்ததும் அங்கே தலைவி வந்துவிடுகிறாள், விரகதாபம் வந்துவிடுகிறது, நிலவு சுடுகிறது, தென்றல் வாட்டுகிறது, தோழியிடம் முறையீடு நடக்கிறது. ஆனால் மெட்டோ செஞ்சுருட்டி முதலிய ராகங்களின் துள்ளல். நடையோ மூன்று மூன்றாகத் தாவும் நடை. தோளில் காவடி சுமந்தவன், வெயிலில் பல மைல் நடப்பவன், அந்தப் பெண்ணின் தாபத்தைப் பாடிக்கொண்டேதான் காலை எடுத்து வைத்தான். முகாரியில் உட்கார்ந்து அழுதிருந்தால் காவடி கழுகுமலை போய்ச் சேர்ந்திராது.

பிரிவைத் தனியே வைத்துக்கொண்டு நுகர்வது இந்த மண்ணின் பழக்கமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. வீடுகள் சிறியவை, தெரு ஒன்று, கிணற்றடி ஒன்று. கைவிட்டவன் யார், கைவிடப்பட்டவள் யார் என்பது மறுநாள் காலையில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். சங்கப் புலவர்கள் இதற்கு 'அலர்' என்று பெயரிட்டார்கள். வள்ளுவர் ஓர் அதிகாரமே அதற்கு ஒதுக்கினார். மறைக்க முடியாத துயரத்துக்கு எஞ்சியிருக்கும் கௌரவம், ஊர்ப் பேச்சைக் காட்டிலும் உரக்க அதைத் தானே பாடிவிடுவதுதான். 1964-இல் வெளிவந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுதியில் பேராசிரியர் நா. வானமாமலை சேர்த்து வைத்த காதற் பாட்டுகளைப் படிப்பவர்கள், அங்கே பெண்ணின் குரல் கெஞ்சுவதைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறது என்பதைக் கவனிக்கலாம். வாக்குக் கொடுத்தவனை நடுத்தெருவில் நிறுத்தி, சாட்சிகளை அழைத்து, வழக்காடுகிற குரல் அது. அந்த மெக்சிகோப் பாட்டுக்காரன் அவள் வாசலில் நின்று செய்வதும் அதே வழக்காடல்தான்; ஊர் அங்கே நீதிஸ்தலமாகிறது, வாத்தியங்கள் சாட்சிகளாகின்றன.

பிரிவை உண்டாக்கியதும் இரு நாட்டிலும் பெரும்பாலும் மனத்தின் சாபல்யம் மட்டுமன்று. திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து எத்தனை பேர், தூத்துக்குடியிலும், 1914-க்குப் பின் தனுஷ்கோடியிலும் கப்பலேறி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள்! போனவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. அங்கேயே வேறு குடும்பம் கண்டவர்களும் உண்டு. மெக்சிகோவிலும் 1942 முதல் 1964 வரை ஒப்பந்தக் கூலிகளாக லட்சக்கணக்கான ஆண்கள் வடக்கே அமெரிக்கப் பண்ணைகளுக்குச் சென்றார்கள். கண்டிச் சீமைக்குப் போனவனைப் பற்றி இங்கே பாடிய பெண்ணும், எல்லை தாண்டியவனைப் பற்றி அங்கே பாடியவளும், பஞ்சத்தையும் கங்காணியையும் விட்டுவிட்டு அவன் ஒருவனையே குற்றவாளியாக நிறுத்தினார்கள். பாட்டுக்கு ஒரு முகம் வேண்டுமல்லவா? இப்போது அந்த முகம் என் பக்கத்தில் நின்றவனுக்கும் இருந்திருக்கலாம். அவன் மான்டெர்ரேக்குப் போன வருஷத்தில் முறிந்த ஒரு சம்பந்தத்தைப் பற்றி வீட்டில் அரைகுறையாகப் பேசிக்கொண்டதுண்டு. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

தனிமையில் மெழுகுவர்த்தி போல் உருகும் காதலன் நமக்குப் புதியவன். 1953-இல் தேவதாஸ் திரைப்படம் வந்து, மதுக்கிண்ணமும் இருமலும் தாடியும் காதல் தோல்வியின் சீருடையாகிவிட்டன. அந்தப் படத்தின் இசையின் மேன்மையை நான் மறுக்கவில்லை, அதற்கு இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் இருபத்தெட்டாம் வயதில் இறக்காதிருந்தால் தமிழ்ச் சினிமாச் சங்கீதத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும். ஆனால் வங்காளத்துப் பெரிய வீட்டுப் பிள்ளையின் சோகத்தை, ஒரு பஸ் ஓட்டுநரும் ஒரு நையாண்டி மேளமும் சேர்ந்து கரிசல் காட்டுச் சோகமாக மாற்றிக்கொண்டதுதான் எனக்கு அதனினும் பெரிய சங்கீத சாதனையாகப் படுகிறது. ரஸிகர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் இதனைக் கொச்சை என்பார்கள். சொல்லட்டும். கண் தெரியாத தூரத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்குத் துயரம் மந்தகதியில் வேண்டும். துயரப்படுகிறவனுக்கோ மறுநாள் ஆலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

காலையில், சிமென்ட் ஆலைச் சாலையிலுள்ள டீக்கடையில் மேளக்காரர்கள் வேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். தவில்கள் உறைக்குள் போய்விட்டிருந்தன. மூத்த நாகசுரக்காரர் வடையைத் தினத்தாளில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கையில், பையன் தயங்கித் தயங்கிச் சென்று தன் கைபேசியை அவர் முன் வைத்தான். அவர் முதலில் அக்கறை காட்டவில்லை. சரணத்தில் அந்தக் குரல் உடைந்த இடத்தில் வடையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொருக்கப் போடுங்க தம்பி."

போட்டான். இரண்டாம் முறை அவர் மெட்டை மூக்கால் முனகிக்கொண்டே வந்து, "சங்கராபரணத்துலதான் ஓடுது. சோலி சுத்தம்" என்றார். தவில்காரர் டம்ளரைக் கீழே வைத்து, பெஞ்சின் பலகையில் விரலால் தகிட தகிட என்று தட்டத் தொடங்கினார். இரண்டு சுற்றுக்குள் அந்தப் பன்னிரண்டு தந்தி வாத்தியத்தின் முதலடியைப் பிடித்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அதற்கு ஒரு தீர்மானமும் வைத்துவிட்டார்.

"இத எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பி வைங்க தம்பி. வைகாசியில ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கோம். மாப்பிள்ளை அழைப்புல வாசிச்சுப் பாப்போம்."

"அண்ணே, இது பொண்ணு விட்டுட்டுப் போயிட்ட பாட்டுண்ணே!"

"இருக்கட்டுமே. மாப்பிள்ளை வீட்டுக்காரகளுக்கு மெக்சிகோப் பாஷை தெரியவா போகுது?"

"தெரிஞ்சாத்தான் என்ன?" என்றார் தவில்காரர், பலகையை விட்டுக் கையை எடுக்காமலே. "அடி விழுந்தா ஆடாம நிப்பாகளா?"

வேன் வந்து ஒலியெழுப்பியது. உச்சிப்பொழுதுக்குள் அவர்கள் திருவேங்கடம் போய்ச் சேர வேண்டும். பையன் அவசர அவசரமாக நாகசுரக்காரரின் எண்ணைக் கேட்டுக் கைபேசியில் பதிந்துகொண்டிருந்தான். அவரோ, பாட்டை அனுப்பும்போது அந்த நடுவில் வரும் கூச்சலையும் விடாமல் சேர்த்து அனுப்பச் சொல்லி, அதற்கு இரண்டாவது நாகசுரத்தில் ஓர் இடம் வைத்திருப்பதாகப் படியேறிக்கொண்டே சொன்னார்.